தேக்காவில் ஒரு மேசை

பிறர் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்ப்பது மரியாதையல்ல என்று நம் பெரியோர்கள் சொல்லுவார்கள். ஆனால் ஒரு தேசத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டுமானால் அதன் அடுக்களையை எட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி வேறில்லை என்பது நம்முடைய அபிப்பிராயம். சிங்கப்பூரில் இதற்கு மிகவும் சௌகரியம் உண்டு. அந்த ஊர் ஜனங்கள் தங்கள் அடுக்களையைத் தெருவில் வைத்துப் பழகினவர்கள். இப்போது அதற்கு ஒரு கூரை போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் சென்று திரும்புகிறவர்கள் அங்குள்ள வானளாவிய கட்டடங்களைப் பற்றியே பேசுவது வழக்கம். நாமும் அவற்றை அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலித்ததுதான் கண்ட பலன். கழுத்து வலிக்காமல் பார்க்கக்கூடிய சிங்கப்பூர் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அரையாண்டு விடுமுறையில் நாமும் நம் தாயாரும் அங்கே போயிருந்தோம். நம் இளைய சகோதரன் அவ்வூரில் உத்தியோகம் பார்க்கிறான். தாயாருக்கு வயது 74. சேரன்மாதேவிக்குச் சமீபத்தில் தாமிரபரணிக் கரையில் பிறந்து, அதே கரையில் வாழ்க்கைப்பட்டவர். பரம சைவம். மாமிசம் சமைக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர் கூடப் பருகாதவர்.

நம்மைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சர்வகலாசாலையில் பட்டத்தோடு சேர்த்து நாம் கற்றுக்கொண்டு வந்தவற்றுள் மீனும் கோழியும் அடக்கம். இது தாயாருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். ஆயினும் இருபது வருஷங்களுக்கு மேலாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்படிப்பட்ட இருவரை ஒரே மேசைக்கு அழைத்துப் போகலாம் என்று நம் சகோதரனுக்குத் தோன்றியதே, அவனுடைய தைரியத்தை என்னவென்று சொல்லுவது!

அவன் எங்களை அழைத்துப் போனது தேக்கா நிலையத்திற்கு. சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில், ரயில் நிலையத்திற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘தேக்கா’ என்றதும் தேக்கு மரத்தைத் தேட வேண்டாம். சிறு மூங்கில்களின் அடிப்புறம் என்று பொருள்படும் சீனச் சொற்றொடரிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பகுதிக்கு மலாய்க்காரர்கள் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். மூங்கிலுக்குச் சீனப் பெயர், எருமைக்கு மலாய்ப் பெயர், எருமையை வளர்த்தவர்களிலோ நம்மவர்கள் அநேகர்! பழைய சந்தை 1915-ல் ஏற்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1982-ல் திறக்கப்பட்டது. அப்போது மாண்டரின் உச்சரிப்பில் அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஜனங்களின் நாவோ தேக்காவை விடவில்லை. கடைசியில் 2000-ல் சர்க்காரே இறங்கி வந்து தேக்கா என்று பலகையை மாற்றியது. ஜனங்களின் நாக்குக்கு அவ்வளவு சக்தி உண்டு.

கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தை. மறு பக்கம் வரிசை வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அங்குள்ள தமிழர்கள் இதை ‘உணவங்காடி நிலையம்’ என்று அழகாகச் சொல்லுகிறார்கள். நாளங்காடி, அல்லங்காடி என்று சிலப்பதிகார வகுப்பில் வருஷந்தோறும் பாடம் நடத்தும் நமக்கு, அந்த அங்காடி என்ற சொல் கடல் கடந்து உயிரோடு உலவுவதைக் காதால் கேட்டபோது உண்டான பூரிப்பு கொஞ்சமல்ல.

இந்த நிலையங்கள் எப்படி ஏற்பட்டன என்பது சுவையான வரலாறு. முன்னாளில் அங்கே தெருவே சமையலறை. தோளில் ஒரு கம்பு; கம்பின் ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் பாத்திரம். காவடி எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாய்ச் சுற்றுவார்கள். தள்ளுவண்டி வைத்திருந்தவன் கொஞ்சம் பணக்காரன். ருசிக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறைவு. ஒரு வாளித் தண்ணீரிலேயே அன்றைய தட்டுகளெல்லாம் முங்கி எழும். மிச்சம் மீதி சாக்கடைக்குப் போகும். எலிக்கும் ஈக்கும் கொண்டாட்டம். காலராவும் டைபாயிடும் பின்னாலேயே வரும். 1968, 1969 ஆண்டுகளில் சர்க்கார் தெரு வியாபாரிகளைப் பட்டியல் எடுத்தபோது சுமார் 18,000 பேர் பதிவானார்கள். 1971 முதல் 1986 வரையில் குழாய்த் தண்ணீர், வடிகால், மின்சார விளக்கு ஆகிய வசதிகளுடன் நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். இன்று தீவெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 1997 முதல் பல வருஷங்கள் ஒவ்வொரு கடைக்கும் சுத்தத்திற்காக ஏ, பி, சி, டி என்று தரம் போட்டு வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்களாம். உபாத்தியாயர் தொழில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது பாருங்கள்!

நாங்கள் போன சமயம் மழை கொட்டியது. டிசம்பர் மாதத்து மழை. நனையாத இடம் தேடி ஊரே உள்ளே வந்துவிட்டதுபோல் கூட்டம். காலியாக இருந்த ஒரு மேசையை நோக்கி நாம் பாய்ந்தோம். சகோதரன் கையைப் பிடித்து இழுத்தான்.

“அண்ணா, அங்கே ஆள் இருக்கிறது.”

ஆளைக் காணோம். மேசையின்மேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றுதான் கிடந்தது. அதுதான் ஆளாம்! பொட்டலத்தை வைத்துவிட்டு உணவு வாங்கப் போவார்களாம். மற்றவர் அங்கே உட்கார மாட்டார்களாம். நாம் விழித்துக்கொண்டு நின்றோம். தாயாருக்கு உடனே விளங்கிவிட்டது.

“நம்ம ஊர் பஸ்ஸிலே ஜன்னல் வழியாத் துண்டு போடுறாப்பிலேதானே?” என்றார்.

கடைசியில் ஒரு வயோதிகச் சீனர் எங்கள் தவிப்பைக் கண்டு கையசைத்தார். அவர் மேசையில் மூன்று இடம் காலி. அவர் முன்னால் ஒரு தட்டு; தட்டில் தோசை. கரண்டியும் முள்ளும் கொண்டு தோசையை அவர் அறுத்துச் சாம்பாரில் தோய்த்து உண்ட லாவகத்தைத் தாயார் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு மலாய்த் தாயும் இரண்டு குழந்தைகளும். அதற்கு அப்பால் ஒருவர் வாத்துக் கறியும் சோறும் உண்டுகொண்டிருந்தார். தாயார் அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படியாக உட்கார்ந்துகொண்டார்.

இங்கே மேசை எந்தக் கடைக்கும் சொந்தமல்ல. ஒவ்வொரு கடைக்காரரும் இரண்டு மூன்று பதார்த்தங்கள் மட்டுமே செய்கிறார். அதையே ஆயுள் முழுவதும் செய்கிறார். வேண்டியதை வேண்டிய கடையில் வாங்கிக்கொண்டு எந்த மேசையிலும் உட்காரலாம். சகோதரன் நாலு திசையிலும் ஓடி, நாலு தேசத்தை எங்கள் முன்னால் கொண்டுவந்து பரப்பினான்.

முதலில் கோழிச் சோறு. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த முறை. பார்த்தால் ஏமாற்றந்தான். மசாலா இல்லை, நிறம் இல்லை. வெளுத்த கோழித் துண்டுகளும் வெள்ளைச் சோறும், ஜுரம் கண்டவனுக்கு வைத்த பத்தியம்போல் இருந்தது. ஒரு கவளம் வாயில் வைத்த பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. விசேஷமெல்லாம் சோற்றில்! கோழி வெந்த சாற்றிலேயே இஞ்சியும் பூண்டும் சேர்த்துச் சோற்றை வடித்திருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். அந்தத் துவையல் இருக்கிறதே, நம் திருநெல்வேலிக்காரர்களே தலை வணங்க வேண்டியதுதான்.

அடுத்தது ‘மீ கோரிங்’. மீ என்பது சீனரின் மாவு இழை. கோரிங் என்றால் மலாய் மொழியில் வறுத்தது. அதை மிளகாயும் தக்காளியும் போட்டுச் செக்கச் சிவக்க வறுத்தெடுப்பவர் தமிழ் முஸ்லிம். எந்தத் தேசத்துப் பதார்த்தம் என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவது? ‘ரோஜாக்’கும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்கே கலவை என்று அர்த்தம். வடை, உருளைக்கிழங்கு, சோயாக் கட்டி முதலியவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்த இனிப்பும் காரமுமான சிவந்த குழம்போடு கொடுக்கிறார்கள். மீன் தலைக் குழம்பு என்று ஒன்று. சீனர்கள் மீன் தலையை விரும்பி உண்பதைக் கண்டு, எம். ஜே. கோமெஸ் என்ற மலையாளி 1949-ல் அதை நம் புளிக் குழம்பில் போட்டார் என்று சொல்லுகிறார்கள். அது பெரிய சட்டியில் வரும் என்றும், மூவர் வேண்டும் என்றும் சகோதரன் சொன்னதால் தாயாரை உத்தேசித்து விட்டுவிட்டோம்.

தாயாருக்கு என்ன? அதற்கும் வழி இருந்தது. சைவக் கடை ஒன்றிலிருந்து ‘புட்டு மாயம்’ வந்தது. பெயரைக் கேட்டுத் தாயார் சந்தேகத்துடன் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நம் இடியாப்பம்! தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் மேலே. மலாய்க்காரரும் சீனரும் இதை அந்தப் பெயரால்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

“இடியாப்பத்துக்கு இங்கே வந்து பேர் மாறிப்போச்சே!” என்று தாயார் சிரித்தார். வாத்துக் கறிக்காரருக்கு முதுகைக் காட்டியபடியே இரண்டு இடியாப்பம் சாப்பிட்டு முடித்தார்.

நம் மனம் சாப்பாட்டிலிருந்து எங்கோ போய்விட்டது. சேரன்மாதேவி என்ற பெயரைச் சொன்னால் தேச சரித்திரம் அறிந்தவர்களுக்கு என்ன நினைவு வரும்? 1922-ல் வ.வே.சு. ஐயர் அங்கே தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தேசத்திற்குத் தொண்டு செய்யும் வாலிபர்களை உண்டாக்க வேண்டும் என்பது அந்தத் தியாகியின் கனவு. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியே சோறு போட்ட விஷயம் வெளிவந்தது. 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே அது பிளந்துவிட்டது. அந்நியனை எதிர்க்கச் சேர்ந்து சிறை புகுந்தவர்கள் சேர்ந்து உண்ண முடியவில்லை. அதே சிங்கப்பூரில் 1943-ல் நேதாஜி வந்து சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்தபோது, அவருடைய படையில் ஹிந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே சமையலை ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். மலாய்த் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய நம் தமிழ்த் தொழிலாளிகள் எத்தனையோ பேர் அந்தப் பந்தியில் இருந்தார்கள்.

சரித்திரத்தில் நடந்ததைச் சொல்லுவது சுலபம். நம் வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்லத்தான் நாக்குத் தயங்குகிறது. நமக்கு அப்போது பத்து வயது. உடன் படித்த பையன் ஒருவன் கணக்கு நோட்டு வாங்கிப் போக வீட்டுக்கு வருவான். திண்ணைக்குக் கீழே நிற்பான். மாடக்குழியில் ஓர் அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அது அவனுக்கென்று வைத்தது. தண்ணீர் கேட்டால் தாயார் மோரே கொடுப்பார். கருணைக்குக் குறைவில்லை. ஆனால் மோர் உயரத்திலிருந்து விழும். குடித்துவிட்டுத் தம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். கணக்கில் நம்மைவிட அவன் கெட்டிக்காரன். ஒரு நாள் தாகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான், பிறகு வரவில்லை. நாம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாத வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பின்னால் வயது வந்த பிறகும் கேட்கவில்லையே!

இந்த யோசனையில் இருந்தபோது, எதிர்க் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டார். அவருடையது முஸ்லிம் கடை. கோதுமை மாவை வீசி விரித்து மடித்துச் சுடும் பிராட்டாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் அங்கே பிரசித்தம். நம் ஊர்ப் புரோட்டாவின் சகோதரன்தான் பிராட்டா. சீனியைத் தொட்டுக்கொண்டும் சாப்பிடுகிறார்கள்.

“திருநெல்வேலிப் பேச்சா இருக்கே! எந்த ஊரும்மா நீங்க?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“சேரன்மாதேவிப் பக்கம்யா. நீங்க?”

“நமக்குக் கடையநல்லூரும்மா. வாப்பா காலத்திலேயே இங்கே வந்தாச்சு.”

அவ்வளவுதான். கடல் வற்றிப்போய்விட்டது. குற்றாலத்துச் சாரல், மேலப்பாளையத்துச் சந்தை, அம்பாசமுத்திரத்து அரிசி எல்லாம் அந்த மேசையைச் சுற்றி வந்து நின்றன. சீனப் பெரியவர் ஒன்றும் விளங்காமலே புன்னகை செய்துகொண்டிருந்தார்.

“ஒரு தேத்தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும். இஞ்சி தட்டிப் போட்டுத் தாரேன்” என்றார் கடைக்காரர். தாயாரின் முகத்தில் ஒரு கணம் தோன்றிய தயக்கத்தை அவர் கண்டுகொண்டார். நாற்பது வருஷம் மனிதர்களுக்குத் தேநீர் கொடுத்தவர் அல்லவா? குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையுடன் சொன்னார்:

“சங்கடப்படாதீங்கம்மா. யாரும் தொடாத காகிதக் குவளை இருக்கு. உங்களுக்குத் தனியா அதிலே தாரேன்.”

தனியாக ஒரு குவளை!

தாயார் பதில் சொல்லவில்லை. கடைக்காரரைப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வையை நாம் இதற்கு முன் கண்டதில்லை. மழைச் சத்தம் மாத்திரம் கேட்டது.

“வேண்டாம்யா. எல்லாருக்கும் குடுக்கிறதிலேயே குடுங்க” என்றார்.

கண்ணாடிக் கோப்பையில் தேநீர் வந்தது. கெட்டிப் பால் விட்டு, ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு முழ நீளம் இழுத்து ஆற்றிய தேநீர்; நுரை ததும்பியது. ‘தாரிக்’ என்றால் மலாய் மொழியில் இழுத்தல். தாயார் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, உதட்டில் வைத்து, மெதுவாகக் குடித்து முடித்தார். பணம் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

அவருக்கு வயது 67. மகன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். கடைக்கு வர மாட்டான். வர வேண்டும் என்று தாமும் விரும்பவில்லை என்றார். விடியுமுன் எழுந்து, அடுப்புச் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வாழ்க்கை. அங்குள்ள அங்காடிக்காரர்களின் நடு வயது ஏறக்குறைய 60 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கௌரவம் பெரியதுதான். ஆனால் கௌரவம் மாவு பிசையாது, தேநீர் ஆற்றாது. அதற்குக் கை வேண்டும். அந்தக் கைகள் மூப்படைந்து வருகின்றன.

எழுந்திருக்கும்போது இன்னொரு பாடம் காத்திருந்தது. சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்துப்போய் அலமாரியில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டம். முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். முஸ்லிம்களுக்கு உகந்த ஹலால் தட்டுகளுக்கு ஓர் அலமாரி, மற்றவற்றிற்கு வேறு அலமாரி. ஆகவே அங்கே பேதமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சீனர் உண்பதை மலாய்க்காரர் உண்பதில்லை. மலாய்க்காரர் உண்பதை நம் தாயார் உண்பதில்லை. அவரவர் நியமம் அவரவர்க்கு உண்டு. ஆனால் அந்த நியமம் தட்டோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதனை அது தள்ளுவதில்லை. நம் தேசத்துப் பெரியவர்கள் சமபந்தி போஜனம் என்று அரும்பாடுபட்டார்கள். எல்லோரும் ஒரே பதார்த்தத்தைத்தான் உண்ண வேண்டும் என்பதல்ல அதன் சாரம். இலையில் என்ன இருந்தாலும் பந்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான்.

நாம் எடுக்கப் போவதற்குள் தாயார் தம் தட்டையும் கோப்பையையும் தாமே எடுத்துக்கொண்டார். சீனப் பெரியவரின் தட்டையும் சேர்த்து எடுத்தார். அவர் பதறி எழுந்து தடுக்க, இவர் தலையசைக்க, பாஷை இல்லாத அந்த வாதத்தில் தாயாரே ஜயித்தார்.

அன்றிரவு சகோதரன் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, தூங்கிவிட்டார் என்று நாம் நினைத்திருந்த தாயார் இருட்டில் கேட்டார்:

“உன்கூடப் படிச்சானே, கணக்கு நல்லாப் போடுவானே, அந்தப் பையன் இப்போ எங்கேய்யா இருக்கான்?”

தெரியாது என்று சொன்னோம். முப்பது வருஷங்களுக்கு மேல் அதுதான் நம் பதிலாக இருந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாக ஒருவர் சொன்னார். கண்டுபிடித்து வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்பது தாயாரின் உத்தரவு. வந்தால் திண்ணையில் அல்ல, கூடத்தில் எங்களோடு உட்கார வைத்து இடியாப்பம் பரிமாற வேண்டுமாம். வருவதும் வராததும் அவர் இஷ்டம். அழைக்க வேண்டியது நம் கடமை.

சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் வானளாவிய கட்டடங்களைத் தாராளமாகப் பார்க்கட்டும். ஒரு வேளை தேக்காவிலும் போய் உட்காரட்டும். தெரியாத ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வயிறார உண்டுவிட்டு, நம் வீட்டு மாடக்குழியில் இன்னும் ஏதாவது தம்ளர் கவிழ்ந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.